சலவைத்தூள் டப்பாவில் கொஞ்சம் கடல்

உட்காருங்கள் தம்பி, மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். அந்த உப்புமானியைத் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டாம், அது சரியாகத்தான் காட்டுகிறது. மீன்தொட்டியில் உப்பு கூடுதலாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை கூப்பிட்டதும் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கே வருவீர்கள், அதுவும் புதன்கிழமை பார்த்து வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் மகளும் வேலையிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. உப்பைத் தேர்ந்தெடுத்ததில் என் மேல் எந்தத் தப்பும் இல்லை. மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு இந்தத் தொட்டியை வாங்க அவரோடு வந்தபோது, கடல்தண்ணீர் கரைக்க இரண்டு உப்பு வாளிகளைக் காட்டினீர்கள். ஒன்று நிதானமான உப்பு. இன்னொன்று பவளம் அடர்ந்த தொட்டிகளுக்கானது, சுண்ணாம்புச் சத்து தூக்கலானது. அவர் இரண்டாவதில் கைவைத்தார். நான்தான் தடுத்தேன். "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மொதல்ல காட்டினதே போதும் சார்" என்று நீங்களும் சொன்னீர்கள். "ஆனா எதை எடுத்தாலும் அதையே விடாம போடணும். மாத்தி மாத்திப் போட்டா பவளம் தாங்காது. தண்ணி கொறஞ்சா வெறும் தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி ஊத்திடாதீங்க. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் கெடக்கும்."

மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டிருந்தார். கவனமாகக் கேட்டவன் நான்.

பரிசாக ஏன் மீன்தொட்டி? எதிர்வீட்டுக்காரர் இப்படி ஒன்று வைத்திருந்தார். கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கே காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட்டார். நாய் என்றால் கூட்டிக்கொண்டு ஊர் மாறிவிடலாம். கடலைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? மனைவி போன பிறகு இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியது மாடியில் நடக்கும் அந்த இரண்டு பேரின் காலடிச் சத்தம்தான். அது நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். சொல்ல வெட்கமாக இல்லை, பயம்தான்.

தொட்டி நன்றாக வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பவளம் பூத்தது, அந்த ஆரஞ்சு ஜோடி மீன்கள் வளைய வந்தன, மாப்பிள்ளைக்குத் தன் மேலேயே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. "பவளத்தையே வளத்துட்டேன் மாமா, புது ஊர்ல பொழச்சிக்க மாட்டேனா?" என்றார். தொலைவில் ஒரு நிறுவனம் அவரைக் கூப்பிட்டிருந்தது. தொட்டியை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிடுவதாகவும் பேச்சு.

ஆரோக்கியமான மீனை யாருக்கும் கொடுத்துவிடலாம். நோயாளியை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. அந்த நல்ல மனசைப் பார்த்துத்தான் பெண்ணையே கொடுத்தேன்.

நான் வேலை பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தில். தீப்பிடித்த கிடங்கையும் கவிழ்ந்த வண்டியையும் பார்த்து, விபத்தா வேண்டுமென்றே செய்ததா என்று சொல்வது என் பிழைப்பு. மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் பேராசையில் ஒரேயடியாகக் கொளுத்தியவர்கள். நான் ஒரேயடியாக எதையும் செய்யவில்லை. உங்கள் கடையில், நீங்கள் இல்லாத நேரத்தில், அந்த இரண்டாவது உப்பில் கொஞ்சம் வாங்கி வந்தேன். பால்கனியில் சலவைத்தூள் டப்பாவில் இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து தண்ணீர் குறையக் குறைய அதைக் கரைத்து ஊற்றுவேன். மாப்பிள்ளை அளவு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதனால் சனிக்கிழமை சிறிது மொண்டு கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் விடுவேன். ஞாயிறு அளவு கச்சிதமாக இருக்கும். பவளம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும்.

"எல்லாம் சரியாத்தான மாமா செய்யறேன்" என்பார் பாவம். நான் தோளைத் தட்டி, "பொறுமையா பாருங்க மாப்ள, சரியாயிடும்" என்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நீங்கள் நினைக்கலாம். ஆட்டியதும் உண்மை என்பதை மறந்துவிடக் கூடாது. அவருக்காக டார்ச் பிடித்தேன், புத்தகம் தேடித் தந்தேன். நாங்கள் இருவரும் அந்த மாதங்களில்தான் நெருக்கமானோம். அந்த நிறுவனத்துக்கு, இப்போது வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஜோடியில் ஒன்று செத்தது என் கணக்கில் இல்லாதது. மகள் அழுதாள். மாப்பிள்ளை அழவில்லை, தொட்டி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த மீனுக்கு உப்பிட்டவன் நான்.

பிறகுதான் போன வாரம் மாடிப்படியில் அந்தப் பேச்சைக் கேட்டேன்.

"டாக்டர் எல்லாம் நல்லாத்தான இருக்குன்னாங்க. இன்னும் ஏன் தள்ளிப்போடணும்?" இது மகள்.

"ஒரு மீனையே என்னால காப்பாத்த முடியல. என் கைய நம்பி ஒரு கொழந்தையா? வேணாம்மா. நமக்கு நாம போதும்."

அவள் விளக்கை அணைத்தது மட்டும் கேட்டது. தம்பி, நான் ஆசைப்பட்டது மாடியில் இரண்டு ஜோடிக் கால். மூன்றாவதாக ஒரு ஜோடி வந்து தடதடவென்று ஓட வேண்டிய இடம் அது. அதை நானே அடைத்துவிட்டேன்.

ஆகவே முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மீனைக் கொன்றவன் நான். பவளத்தைக் கெடுத்தவன் நான். ஒரு நல்ல மனிதனைக் கையாலாகாதவன் என்று அவனையே நம்பவைத்தவனும் நான். அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கைராசியில் ஒரு குறையும் இல்லை, குறை மாமனாரிடம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். என்னோடு பேசாமல் இருப்பார்கள், இருக்கட்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். எனக்கு அவர்கள் நன்றாக இருந்தால் போதும், வேறு எந்த ஆசையும் இல்லை.

ஒரே ஒரு உதவி. இன்று உப்பளவு சரியாக இருந்தது என்று மட்டும் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் வருவதற்குள் மெதுவாகச் சரிசெய்யப் பார்க்கிறேன். அந்தத் தொலைதூர நிறுவனம் மறுபடி கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இந்த நிலையில் தொட்டியை விட்டுவிட்டுப் போக மாப்பிள்ளை சம்மதிக்க மாட்டார்.

நீங்கள் திங்கட்கிழமை வந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். உண்மை எங்கே ஓடிப்போகிறது? அதற்குப் பிறகு நாங்கள் யாரும் எங்கேயும் போகப் போவதில்லை.