பன்றி தின்ற தொப்பிகள்

என் பெயர் அலிப்பாத்தே. வயது ஐம்பத்திரண்டு. தகப்பனார் பெயர் ஃபெயாவோ. டோங்காவின் வவாவு தீவில், நெயாஃபுவுக்கு வடக்கே கடற்கரையோரம் குடியிருக்கிறேன். தொழில் கொத்து வேலை, மீன்பிடி, இரண்டும் இல்லாதபோது தூக்கம். பள்ளிக்கூடம் கொஞ்சம்தான் போனேன். ஆகவே நான் சொல்லச் சொல்லக் காவலர் எழுதுகிறார்.

என் மனைவியின் தம்பி சோசெஃபோ ஓய்வுநாளில் வேலை செய்ததாகச் சபை மூப்பர் மொசெசே கொடுத்த புகார் பற்றி விசாரிக்கப்பட்டேன். சோசெஃபோ அடுத்த மாதம் திராட்சைத் தோட்ட வேலைக்கு நியூசிலாந்து போகவேண்டியவன். எங்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது சட்டப்படி குற்றம். வழக்கு விழுந்தால் விசா கிடையாது.

சனிக்கிழமை நானும் அவனும் சபைக் கூடத்தின் பின்னால் மழைநீர்த் தொட்டிக்குக் கான்கிரீட் தளம் போட இடம் தயார் செய்தோம். புல் செதுக்கி, ஒரு சாண் மண்ணெடுத்து, அதன்பிறகு பவளக்கல் சல்லி கொட்டி இடித்து இறுக்கி, அதன்பிறகு கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்து, சுற்றிலும் பலகை நிறுத்தி, பலகை சாயாதபடி வெளிப்பக்கம் இரும்புக் கம்பிகளை முளையாக அடித்தோம். யாராவது விழுந்தால் குத்தாமலிருக்கக் கம்பி முனையில் போடும் மூடி கடையில் இல்லை, கப்பல் வரவில்லை. ஆகவே தென்னைக்குக் கீழே உதிர்ந்து கிடந்த இளந்தேங்காய்களை முனைக்கு ஒன்றாகக் குத்தி வைத்து, சுற்றிக் கயிறு கட்டினோம். தொப்பி போட்ட சபையார் போலக் கம்பிகள் வரிசையாக நின்றன. கான்கிரீட் திங்கட்கிழமை என்று பேச்சு.

மறுநாள் பிள்ளைகள் வெள்ளையுடுத்தி வசனம் சொல்லும் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து, மண்ணடுப்புச் சாப்பாடு முடிந்து, அதன்பிறகு தீவே தூங்கியது. நான் கூடத்தின் பின்னால் ஈரப்பலா மரத்து நிழலில் பாய் விரித்துக் கிடந்தேன். உள்ளே மூப்பர் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் காற்று புகுந்து அது எழுந்து எழுந்து தாழ்ந்தது. கடல்தான் என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன். அதன்மேல் பன்றிகள் நடந்தன. எங்கள் பன்றிகள் வற்றுக்கடலில் நண்டு தேடி நடப்பவை, ஆகவே அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கறுப்புக் கடலில் மெதுவாக நடந்து, கரையில் நின்ற இலையில்லாத குட்டித் தென்னைகளின் காய்களை ஒவ்வொன்றாகத் தின்றன. பிள்ளைகள் பாடினார்கள். நல்ல கனவு.

அதன்பிறகு சோசெஃபோ என் காலைப் பிடித்து இழுத்தான்.

"மச்சான், எந்திரி! பன்னி தொப்பியெல்லாம் தின்னுட்டுப் போயிருச்சு. கயிறும் அறுந்து கெடக்கு. கம்பியெல்லாம் மொட்டையா நிக்குது."

"நாளைக்கு வச்சுக்கலாம்டா. இன்னிக்குக் கை வச்சா மூப்பரு உன்னை நியூசிலாந்துக்கு இல்ல, நேரா நரகத்துக்கு அனுப்பிருவாரு."

"கூடம் விட்டா பிள்ளைங்க இந்த வழியாத்தான ஓடும்?"

கடைசிப் பாட்டு தொடங்கியிருந்தது. அதன்பிறகு நான் எழுந்தேன். காய் பொறுக்கி நான் பிடிக்க, அவன் கல்லால் தட்டினான். மூப்பர் உள்ளேயிருந்து கேட்ட சத்தம் அதுதான். கடைசிக் காயை வைக்கும்போது கதவு திறந்தது.

பிள்ளைகள் வெள்ளை வெள்ளையாக ஓடி வந்தார்கள். முன்னால் வந்தது மூப்பரின் கடைக்குட்டி லவீனியா. அறுந்த கயிற்றில் கால் சிக்கி, கைகளை விரித்தபடி முளைக்கம்பி மேல் நெஞ்சு படக் குப்புற விழுந்தாள். எழுந்தாள். அழவில்லை. தேங்காயைத்தான் முறைத்தாள். அதன்பிறகு ஓடிவிட்டாள்.

பின்னால் வந்த மூப்பர் சோசெஃபோ கையில் கல்லைப் பார்த்தார்.

"ஓய்வுநாள்ல என்னடா தட்டிக்கிட்டிருக்க?"

"தேங்கா, மூப்பரே."

"தேங்காயா? என்கிட்டயே கிண்டலா?"

அதற்கு மேல் கேட்காமல் அவர் புகார் கொடுக்கப் போய்விட்டார்.

அது வேலையா என்று காவலர் கேட்டார். எனக்குத் தெரியாது. வேலைதான் என்றால் அவன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதவும். நான் வேலை செய்தேன் என்றால் என் மனைவிதான் நம்பமாட்டாள். மற்றபடி, லவீனியாவின் வெள்ளை உடுப்பை எடுத்துப் பார்க்கும்படி மூப்பரிடம் சொல்லவும். நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருக்கும். தேங்காய் மட்டைக் கறை, எத்தனை துவைத்தாலும் போகாது. பழுப்பு நிறம். வேறு நிறம் இல்லை.

நான் கண்டதும் செய்ததும் இவ்வளவே. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அலிப்பாத்தே