கஞ்சி கொண்டு போகும் லாரி

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அண்ணனும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மடியில் பேட்டரியில் ஓடும் தகரப் பொம்மை லாரி. அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் லாரியை ஓட்டும் சுவிட்சுப் பெட்டி.

"இதுல கஞ்சி சிந்தாதுட்டி," என்றார் அவர். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் இதைக் கேட்ட பிறகு எப்படிக் காதை மூடுவது?

"நேத்து அந்தப் பொம்மை ஜீப்பு பாதிக் கஞ்சியக் கொட்டிட்டு. லாரிக்குத் தட்டு அகலம். டம்ளர் நிக்க வளையம் வச்சு ஈயத்தால பத்தவச்சிருக்கேன்."

"எங்க வீட்டு அவுகளுக்கு இருமல் கூடிட்டுண்ணே."

"சயரோகம்லா? வயித்துப் பிள்ளையோட கிட்டப் போகப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சைக்கிள் டைனமோ வயர ஒட்டி நீட்டித் தாரேன். அடுப்படியில நின்னே மாப்பிள்ளை கட்டிலுக்கு ஓட்டு."

அவள் வயரைக் கையில் சுருட்டினாள்.

"நீட்டாதண்ணே. குறைச்சுத் தா."

"கோட்டி புடிச்சிட்டாட்டி ஒனக்கு?"

"நேத்து சுவத்துக்குப் பின்னால நின்னு ஓட்டுனேன். வண்டி மட்டும் வரவும், அவுக வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. மிச்சக் கஞ்சியத் தொடவே இல்ல. வயரு குட்டையா இருந்தா, நான் வாசப்படிக்கு வந்துதானண்ணே ஓட்டணும்?"