மேல் ஒரு சாண்

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் கடலடிச் சேறுதான் நீளக் குழாய்களில் அடைபட்டு என் ஆய்வுக்கூடத்துக்கு வரும்.

நீங்கள் விசாரணை அதிகாரி. இந்தப் படிப்பு உங்களுக்குத் தேவையில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடலுக்குள் சரிவுகள் உண்டு. அவற்றில் சேரும் மணலும் சேறும் தம் கனத்தாலேயே சரிந்து ஆழத்தில் போய்ப் படியும். அப்படிப் படிந்து புதைந்த பழைய மணலில் எண்ணெய் தங்கும். ஓரிடத்தில் அந்த மணல் இருக்கிறது என்று ஒன்பது வருடம் சொன்னேன். வெறும் களிமண் என்றார்கள். அலுவலகத்தில் எனக்கு 'மணல் சாமியார்' என்று பெயர். கடைசியில் துளையிட ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குமுன் கடல்தரை உறுதியானதா என்று பார்ப்பது வழக்கம். அங்கே தரையே சரிந்து வந்த சேறுதான். எப்போது சரிந்தது என்பதுதான் கேள்வி. அதன்மேல் மென்சேறு தடிமனாக மூடியிருந்தால் பழையது, பயமில்லை. மூடாவிட்டால் புதியது, மறுபடி சரியலாம்.

குழாயை நான்தான் நெடுக்காக அறுத்தேன். மூடல் இல்லை. புரண்டு வந்த கட்டிகள் மேல்முனைவரை இருந்தன. உச்சியில் கடல்தரையின் பழுப்புத் தோல், காகிதக் கனத்தில், கலையாமல் இருந்தது. குழாயை மேலே தூக்கும்போது எதுவும் கரைந்துபோகவில்லை என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேல் ஒரு சாண் சேற்றைக் கத்தியால் வெட்டித் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். படிவத்தில், 'மேற்பகுதி சுமார் இரண்டு மீட்டர், தூக்கும்போது கரைந்துவிட்டது' என்று எழுதினேன். அடிக்கடி நடப்பதுதான். மூடல் அதோடு போயிருக்கும் என்று மற்றவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

கேட்டது ஒருவர்தான். என் தங்கையின் கணவர். துளையிடும் மேடையில் வேலை. கிளம்புமுன் இருவரும் சாப்பிட வந்திருந்தார்கள்.

"மச்சான், அந்த எடத்தை நம்பி எறங்கலாமா? படகைப் பாத்தாலே வாந்தி எடுக்கிற ஆளு பேச்சைக் கேட்டு நாங்க நடுக்கடல்ல நிக்கணும்."

"தாராளமா எறங்குங்க மாப்ளே."

"ஏதாவது ஆச்சுன்னா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்று தங்கை அவர் முதுகில் ஒன்று போட்டாள். மூவரும் சிரித்தோம்.

பதினோராம் நாள் தரை சரிந்தது. கிணற்றுக் குழாய் ஒடிந்து, வாயு மேலேறித் தீப்பிடித்தது. ஏழு பேர்.

தங்கை செருப்பில்லாமல் வந்தாள். "அண்ணா, அவரு போயிட்டாராம்."

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு, "எத்தனை மீட்டர் எறங்கியிருந்தாங்களாம்?" என்று கேட்டேன்.

உடலைத் தேடத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அழுதுகொண்டே யாருக்கோ போன் போட்டு விசாரித்துச் சொன்னாள்.

மணலுக்கு இன்னும் நானூறு மீட்டர் இருந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம், ஐயா.