நீலாவதியின் பெயர் வாசிக்கப்படாத இருபத்தொரு ஆண்டுகள்

விருத்தாசலம் செராமிக் நகரில், தீவு நினைவுநாள் கூட்டத்தில் பேசியது. 2007.

தலைமை ஏற்று, கழுத்தில் விழுந்த மாலையை உடனே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் நடராசன் அவர்களே! கடல் தாண்டி வந்த அறுபது வீட்டுப் பெரியோர்களே! காலையிலிருந்து கால் கடுக்க நின்று சோறு பொங்கிய தாய்மார்களே! நாங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று, 'நீங்க யாரு' என்று கேட்பதற்கு முன் 'சாப்ட்டீங்களா' என்று கேட்ட டீக்கடை அப்துல் லத்தீப் பாய் அவர்களே! நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, எங்கள் துக்கத்திலும் பங்கு கேட்டுக் கம்மாபுரம் பக்கமிருந்து வந்திருக்கும் உறவுகளே! பந்தலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில், தனியாக உட்கார்ந்திருக்கும் கோவிந்தசாமி பெரியப்பா அவர்களே!

என்ன சலசலப்பு? ஆமாம், பெயரைத்தான் சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன்.

உங்கள் அனைவருக்கும் சாமிதுரை மகள் கயல்விழியின் வணக்கம்.

நான் பேசி முடித்ததும் தலைவர் ஒரு பட்டியல் வாசிப்பார். கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள். வீடு வீடாக வாசிப்பார். ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவார். அந்த வீட்டில்தான் நிறைமாதக் கர்ப்பிணியாக நீலாவதி இருந்தார். கோவிந்தசாமி பெரியப்பாவின் மனைவி. கணவர் குற்றவாளி என்று தீர்ப்பானதால், செத்துப்போன மனைவிக்கும் பெயர் இல்லை.

இன்று அந்தப் பெயர் வாசிக்கப்பட வேண்டும். நான் கேட்க வந்தது அவ்வளவுதான்.

மைக் கூவுகிறது. கொஞ்சம் தள்ளி வையுங்கள், தம்பி. போதும்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகவும் விருந்தினர்களுக்காகவும் முதலிலிருந்து சொல்கிறேன். நம் முன்னோர் மந்திரவாதிகள். சிரிக்காதீர்கள். சூளையில் கோப்பை அடுக்குகிறவரும், கழிப்பறைப் பீங்கானுக்கு மெருகு பூசுகிறவரும் மந்திரவாதியா என்றால், ஆம், மந்திரவாதிதான். அரசன் மழை கேட்டான், கொடுத்தோம். பக்கத்து நாட்டின் மழையை நிறுத்தச் சொன்னான், மறுத்தோம். மறுத்த குற்றத்துக்காகப் படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டான்.

போவதற்குக் கரை இருந்ததா? இல்லை. இறங்குவதற்கு மண் இருந்ததா? இல்லை. அறுபது குடும்பம் சேர்ந்து ஒரு சொல்லைச் சொன்னார்கள். கடலடியிலிருந்து ஒரு தீவு எழுந்தது. தென்னை வைத்தார்கள். கிணறு வெட்டினார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். எந்தக் கப்பலின் கண்ணுக்கும் அந்தத் தீவு தெரியவில்லை. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

ஆனால் சொல்லால் எழுந்த தீவு சொல்லால்தான் நின்றது. நடுவே ஒரு பாறை. அதன்மேல் யாராவது ஒருவர் எந்நேரமும் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் முறை. விடியலிலிருந்து மறு விடியல்வரை. அடுத்தவர் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு ஏறுவார். அவர் வாயில் சொல் ஏறிய பிறகுதான் இருந்தவர் நிறுத்தலாம். இரண்டு குரலும் ஒரு மூச்சு சேர்ந்து ஒலிக்க வேண்டும். எத்தனை தலைமுறை! எத்தனை புயல்! ஒரு மூச்சுகூடத் தவறவில்லை.

ஒரு விடியற்காலையில் தவறியது.

அன்று முறை கோவிந்தசாமி பெரியப்பாவுக்கு. அவர் எழுந்து போய்விட்டார், அதனால் தீவு போயிற்று. இதுதான் நம் தீர்ப்பு. அவரோடு யாரும் பேசக்கூடாது, அவர் பந்தலுக்குள் வரக்கூடாது, அவர் வீட்டுப் பெயரை வாசிக்கக்கூடாது. அன்று விதித்தோம். இன்றுவரை நடக்கிறது.

நடந்தது அது இல்லை. எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது. நான் அந்தப் பாறைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவோடு கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீலாவதி பெரியம்மாவுக்கு வலி எடுத்துவிட்டதென்று செய்தி வந்தது. பெரியப்பா பாறைமேல். வாய் சொல்லைச் சொல்கிறது. கண் தெற்கே வீட்டைப் பார்க்கிறது. என் அப்பா, "எந்திரிண்ணே, நீ போயி மருத்துவச்சிய இட்டா. நான் உக்காருறேன்" என்றார். கால் கழுவினார். ஏறினார். இரண்டு குரலும் சேர்ந்து ஒலித்ததை நான் கேட்டேன். முறை சரியாகத்தான் மாறியது. பெரியப்பா மருத்துவச்சி வீடு இருந்த வடகரைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து பெரியம்மாவின் அலறல். வீட்டில் அவர் தனி. அலறல் திரும்பத் திரும்ப வந்தது. அப்பா அழுதுகொண்டே சொல்லைச் சொன்னார். அப்போது அடுத்த முறைக்காரர் பாதையில் வந்தார். நம் தலைவர், நடராசன் அண்ணன். அப்பா அவரைப் பார்த்தார். "அண்ணன் வந்துட்டாரு பாப்பா, இங்கியே இரு" என்று சொல்லிக் குதித்து ஓடினார்.

அண்ணன் கிணற்றடிக்குத் திரும்பினார். கால் கழுவ.

தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் அண்ணே. உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் வழக்கப்படிதான் செய்தீர்கள். திரும்பி வந்தபோது பாறை காலியாக இருந்ததைப் பார்த்தீர்கள். அங்கே யார் இருந்திருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வேறென்ன நினைப்பீர்கள்?

இரண்டு காலுக்கு இரண்டு செம்பு தண்ணீர். அவ்வளவு நேரம்தான் அந்தத் தீவு சொல் இல்லாமல் இருந்தது.

சத்தமே இல்லை. தாழ்வான தெற்கு முதலில் இறங்கியது. அப்பா மார்பளவு தண்ணீரில் திரும்பி வந்தார். வெறுங்கையோடு வந்தார். என்னைத் தோளில் தூக்கிப் படகில் போட்டவர் நம் தலைவர்தான். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படகில் கேட்டார்கள்: "இன்னிக்கு யாரு மொற?"

மருத்துவச்சியை அழைத்துக்கொண்டு வந்து, வீடு இருந்த இடத்தில் கடலைப் பார்த்த மனிதர் சொன்னார்: "என் மொறதான்."

அப்பா வாயைத் திறந்தார். பெரியப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அப்பா மடியில் இருந்த எனக்கு அது கேட்டது. "ஒனக்குப் பொண்ணு இருக்குது. எனக்கு யாரு இருக்கா? வாய மூடு."

அவையோரே! அந்தப் பெண்தான் உங்கள் முன் நிற்கிறேன். நம் தீவுக்காரர் சங்கத்துப் பணத்தில் படித்தவள். பல்கலைக்கழகம்வரை போனவள். தள்ளிவைத்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் என்னை யார் படிக்க வைத்திருப்பீர்கள்?

கடல் கண்ணில் படாத ஊராகத் தேடி இங்கே வந்தோம். மண்ணில் கால் வைத்ததும் அந்தச் சொல்லும் மறந்துபோயிற்று. இருபது ஆண்டுகாலம் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சூளையில் வேலை செய்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், ஒருவர் அடுக்குவார். பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசக்கூடாது என்பது நம் கட்டளை. என் அப்பா அந்தக் கட்டளைக்குக் கட்டுப்பட்டார். பேசாமலேயே போன வருடம் செத்தும் போனார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பெரியப்பாவைப் பார்த்தேன். கட்டளையை மீறிப் பேசினேன். சொல்லிவிடுகிறேன் பெரியப்பா என்றேன். "பழி எம்மேலயே கெடக்கட்டும் பாப்பா. எனக்குப் பழகிடுச்சு. அவ பேர மட்டும் ஒருக்கா படிக்கச் சொல்லு. அவ என்னா பண்ணுனா?" என்றார்.

பெரியம்மா என்ன பண்ணினார்? சொல்லுங்கள். பிள்ளை பெறப் போனவர் என்ன பண்ணினார்?

அங்கே யார்? சத்தமாகக் கேளுங்கள் ஐயா. "அப்ப சாமிதுரை வூட்டத் தள்ளி வைக்கலாமா"வா? தள்ளி வையுங்கள். நான் தயாராகத்தான் வந்திருக்கிறேன்.

என்ன பெரியப்பா? எல்லோருக்கும் கேட்டதா? "ஏய் பாப்பா, கீழ எறங்கு! ஒங்கப்பன் ஓடுனது எம் பொண்டாட்டிக்காக!" என்கிறார். மன்னியுங்கள் பெரியப்பா. இந்த ஒருமுறை நீங்கள் சொல்வதைக் கேட்க மாட்டேன்.

உறவுகளே! தீவு மூழ்கியபோது ஒரு சட்டி சோறு எடுக்க நமக்கு நேரமில்லை. மாற்றுத்துணி எடுக்க நேரமில்லை. பெற்ற பிள்ளைகளில் பாதிப்பேரை எடுக்க நேரமில்லை. தண்டிக்கும் பழக்கத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறோம்! நம்மைக் கடலில் தள்ளிய அரசன் ஒரு மனிதரின் பேச்சைக்கூடக் கேட்கவில்லை. நாம் கேட்டோமா? ஒரு கேள்வி கேட்டோம். ஒரு பதில் வாங்கினோம். ஒரு மனிதரைச் செருப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தோம். பெற்றெடுக்க முடியாமல் அலறிய பெண்ணை, அலறலோடு சேர்த்து அழித்தோம். அரசன் நம் ஊரைத்தான் பறித்தான். நாம் ஒருத்தியின் பெயரையே பறித்தோம்!

கை தட்டாதீர்கள். தயவுசெய்து.

தலைவர் பட்டியலை என் பக்கம் தள்ளுகிறார். "நீயே படிம்மா. எனக்குக் கண்ணு தெரியல" என்கிறார். படிக்கிறேன் அண்ணே. ஆனால் இதில் அந்த வரியே இல்லையே. எழுதித்தான் படிக்க வேண்டும். பேனா இருக்கிறதா?

பெரியப்பா, உள்ளே வாருங்கள். வழி விடுங்கள், அவர் வரட்டும். ஒன்று கேட்க வேண்டும். குழந்தைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தீர்களா?

மைக்கை அவரிடம் கொடுக்க வேண்டாம். நானே சொல்கிறேன். "அவ யோசிச்சி வச்சிருந்தா. பொறந்தப்புறம் சொல்றேன்னா" என்கிறார்.

அவையோரே, கோவிந்தசாமி வீடு. நீலாவதி. அவருக்கு மட்டுமே பெயர் தெரிந்த ஒரு பிள்ளை.

எழுந்து நின்றவர்களுக்கு என் நன்றி. எழாமல் இருக்கிறவர்களுக்கும், இவ்வளவு நேரம் கேட்டதற்காக நன்றி. வணக்கம்.