பாறையின் கன்று

அவையை நடத்தும் சங்கத் தலைவர் அவர்களே, கன்று பார்த்தே காலம் கழித்த பெரியவர்களே, பால் கறந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பாறை என்ற காளையைப் பாராட்டிப் பேச அழைத்தீர்கள். எனக்குப் புகழ வராது. மாட்டு ரத்தம் சோதிக்கும் என் ஆய்வுக்கூடத்தில் அதற்கு வேலையில்லை. ஆனாலும் இன்று காலை அதை மூன்று முறை சுற்றிவந்து பார்த்தேன். அது உடலா, உருட்டி அடுக்கிய கற்களா? தோளிலே திரட்சி, தொடையிலே திரட்சி, திரும்பிய பக்கமெல்லாம் திரட்சி!

தீவனம் என்கிறார் முன்வரிசைக்காரர். இல்லை ஐயா. அதே தீவனம் தின்ற பக்கத்துக் காளை ஒட்டிய வயிற்றோடுதான் நிற்கிறது.

தசையைப் பார்த்து ‘வளர்ந்தது போதும்’ என்று சொல்ல ஒரு மரபணு உண்டு. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. இரண்டும் பழுதானால் தடுக்க ஆளில்லை, பாறை பிறக்கிறது. ஒன்று மட்டும் பழுதானால்? பின்தொடை சற்றே உருண்டிருக்கும், அவ்வளவுதான்.

வினையே அங்கேதான். பசுவை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பின்னால் போய் நின்று பார்க்கிறோம். உருண்டிருந்தால் இதுதான் என்கிறோம். பாறையை வளர்ப்பவரும் தம் தங்கையின் பசுவை அப்படிப் பார்த்தே, தங்கை வேண்டாமென்றும் கேளாமல், பாறையோடு இணை சேர்த்தார். கன்று ஈனும் நேரம் வந்தது. கன்றின் தொடை பசுவின் இடுப்பெலும்பில் சிக்கியது. கயிறு கட்டி இழுக்க ஆட்கள் கூடினார்கள். தங்கை கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

“இழுத்தா கன்னு வரும்ணே. மாடு எந்திரிக்காது. டாக்டர் வரட்டும்.”

“அதுக்குள்ள கன்னு போயிட்டா? அது பாறையோட கன்னு.”

“மாடு என்னோடது.”

மருத்துவர் வந்தார், விலாவைக் கீறிக் கன்றை எடுத்தார். தையல் போட்ட விலாவோடு பசு கன்றை நக்கிக்கொண்டிருந்ததாம். பசுவின் ரத்தம் எங்கள் கூடத்துக்கு வந்தது. ஆம், அதில் ஒரு பழுது இருந்தது; பாறை தந்த பழுதும் சேர, கன்றுக்கு இரண்டும் பழுது. பழுதில்லாத பசுவானால் கன்று திடமாகப் பிறக்கும். பெரும்பாலும் சிக்காமலும் பிறக்கும்.

பாறையை வியக்கிறேன். கன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கயிற்றைப் பிடுங்கிய கையை அதைவிட வியக்கிறேன்.

இனி ரத்தத்தில் பழுதில்லை என்று பார்க்காமல் எந்தப் பசுவையும் பாறையிடம் கொண்டுவரக் கூடாது என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள், இணை சேர்க்கும் கூலியும் போகும் என்று தெரிந்தும் அதை முன்மொழிபவர் யார்? அந்த அண்ணன்தான்! வழிமொழியத் தங்கையைக் கேட்டாராம். யோசிச்சு சொல்றேன் என்றாராம் அவர்.

சிரிக்காதீர்கள். ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்.

அம்மா, மூன்றாம் வரிசையில் முதலில் உயர்ந்த கை உங்களுடையது. உங்கள் அண்ணன் பார்த்துவிட்டார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பேற்றுக்குக் காத்திருக்கும் பசுக்கள் நலமாக ஈனட்டும். வணக்கம்.