அரக்கு வைத்து மூடிய பற்றரி

என் பெயர் ஸெய்னுலாப்தீன் மக்கீன். வயது நாற்பத்தாறு. மார்க்கம் இஸ்லாம். வசிப்பது கலேவெல, குருநாகல் வீதி. அதே இடத்தில் பற்றரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருக்கிறேன். 1964 ஜூலை 14ஆம் திகதியாகிய இன்று, வழக்குப் பொருளான பற்றரி ஒன்று என் கடையில் வெடித்தது பற்றி விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

அந்தப் பற்றரி எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கிக்கு உரியது. நோன்பு மாதத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. இந்த வருட நோன்புக்கு முன் நான் சார்ஜ் செய்து கொடுத்தபோது நன்றாக இருந்தது. பெருநாளுக்குப் பிறகு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் இத்ரூஸ் ஹாஜியார் அதை லொறிக் கிளீனர் லோரன்ஸிடம் கொடுத்திருக்கிறார். சார்ஜ் செய்து கொண்டுவரக் கொடுத்தேன் என்பது ஹாஜியாரின் பேச்சு. பழுதாகிவிட்டது, எங்காவது வீசிவிடு என்று தந்தார் என்பது லோரன்ஸின் பேச்சு. ஹாஜியார் பொலிஸில் முறைப்பாடு செய்ய, பற்றரி லோரன்ஸின் வீட்டில் விறகுக்குக் கீழே அகப்பட்டது. அன்று முதல் லோரன்ஸ் விளக்கமறியலில் இருக்கிறார். பற்றரி பொலிஸ் நிலையத்தில் இருந்தது. சென்ற தவணையில் நீதவான் அவர்கள், பற்றரி வேலை செய்யுமா செய்யாதா என்று பார்த்துத் தெரிவிக்கும்படி கட்டளையிட்டார். வேலை செய்யாவிட்டால் லோரன்ஸ் சொன்னது சரி என்று ஆகும், அவரை விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அதன் பேரில் இன்று காலை சார்ஜன்ட் என்னை நிலையத்துக்குக் கூப்பிட்டார். சாமான் அறையில் பற்றரி வெறும் சீமெந்துத் தரையில் கிடந்தது. வயர் கழற்றப்படவில்லை. முனைகளில் வெள்ளை பூத்திருந்தது. மூடிகள் எல்லாவற்றின் மேலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியிருந்தார்கள். மூடியில் இருக்கும் துவாரம் காற்று வெளியே போவதற்கு என்று சொன்னேன். அதன் பிறகு, சும்மா வைக்கும் பற்றரியை முதலில் முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும், வயரைக் கழற்றிக் காய்ந்த இடத்தில் பலகை மேல் வைக்க வேண்டும், உள்ளே தண்ணீர் குறைந்தால் குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு மாதம் ஒரு முறை சார்ஜ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தகடுகள் வெளுத்துச் செத்துப்போகும் என்றும் சொன்னேன். அதே அறையில், சேவல் சண்டை வழக்கில் பிடித்த சேவல் ஒன்று கூடைக்குக் கீழே இருந்தது. அதற்கு நெல்லும் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

"சேவலுக்கு மட்டும் தீனி போடுறீங்களே, மாத்தயா" என்றேன்.

"அது கூவுது, ஞாபகம் வருது. இது வாயைத் திறக்குதா?" என்றார் சார்ஜன்ட்.

அதன் பிறகு பற்றரியையும், விலங்கு போட்ட லோரன்ஸையும், என்னையும் ஒரே ஜீப்பில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஹாஜியாரும் லோரன்ஸின் மனைவி ஜோசப்பினும் முன்னரே வந்து நின்றார்கள். நான் பல்பைக் கொடுத்துப் பார்த்தேன். எரியவில்லை. ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நாலு மாசம் பட்டினி போட்டா மனுசனும்தான் எழும்ப மாட்டான். சார்ஜ் போட்டுப் பாரு மக்கீன்" என்றார் ஹாஜியார். அது நியாயம் என்று சார்ஜன்ட் ஏற்றுக்கொண்டார். சார்ஜ் செய்யும்போது உள்ளே வாயு கிளம்பும், அரக்கை எடுத்தால்தான் போடலாம் என்றேன். முத்திரை நீதிமன்றத்துக்கு உரியது, உடைப்பதானால் அடுத்த தவணையில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்றார் சார்ஜன்ட்.

அப்போது லோரன்ஸ் என்னைப் பார்த்து, "அதுவரைக்கும் நான் உள்ளுக்குக் கிடக்கணுமா? போடுங்க நானா. செத்தது எப்படி எழும்பும்?" என்றார். "நீங்க வாயை மூடுங்க" என்று ஜோசப்பின் அவரை அதட்டினார். சார்ஜன்ட் அரக்கோடேயே போடச் சொன்னார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குறைவாகத்தான் சார்ஜ் வைத்தேன். சற்று நேரத்தில் பக்கங்கள் உப்பின. நிறுத்தப் போய் வயரைத் தொட்டேன். வெடித்தது. சார்ஜன்டின் காற்சட்டையிலும் ஹாஜியாரின் சாரத்திலும் ஓட்டைகள் விழுந்தன. என் வலது கை வெந்தது. முத்திரைகள் உடையாமல் மூடிகளோடு முற்றத்தில் கிடந்தன.

விசாரிக்கப்பட்டபோது சொல்வதாவது: உடைந்த தகடுகளைப் பார்த்தேன். வெளுத்திருந்தன. பள்ளிவாசலில் சும்மா கிடந்து வெளுத்ததா, விறகுக்குக் கீழே கிடந்து வெளுத்ததா, நிலையத்தில் கிடந்து வெளுத்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வெள்ளைதான்.

அதன் பிறகு சார்ஜன்ட் துண்டுகளைச் சாக்கில் கட்டி, முடிச்சுக்கு அரக்கு வைத்தார். வழக்கு ஒக்டோபருக்குப் போகும் என்றார். "எரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க நானா, முதல்ல எரியலைதானே" என்று ஜோசப்பின் கேட்டார். எரியவில்லை என்பது உண்மை என்று சார்ஜன்டிடம் சொன்னேன். அது சார்ஜ் போடுவதற்கு முன் நடந்தது, செல்லாது என்றார். லோரன்ஸ் ஜீப்பில் ஏறும்போது, "அடுத்த தவணைக்கு எதை எரிச்சுப் பார்ப்பாங்க, நானா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. தமிழில் வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை, யாவும் உண்மை. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் அடையாளம் வைக்கிறேன்.

ஸெ. மக்கீன் (இடது பெருவிரல்)