படிக்கப் போனவர் இடத்தில் நின்ற பெருமகனாருக்கு

திருவொற்றியூர்க் கடலோரம் புகைபோக்கி உயர்த்தி நிற்கும் வடகடல் எண்ணெய் ஆலையில் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது உழைத்து, இன்று ஓய்வு பெறும் கொதிகலன் பகுதி மேற்பார்வையாளர், அனல் முன் நின்றும் அகம் குளிர்ந்தவர், அதிராத சொல்லால் அரிய செயல் முடித்தவர், எங்கள் போர்மேன் அண்ணாச்சி, உயர்திரு ஞா. தேவப்பிரியம் அவர்களுக்கு அன்பும் நன்றியும் கூட்டி நாங்கள் அளிக்கும் மடல்!

அண்ணாச்சி அவர்களே!

தங்கள் பெருமைகளை அடுக்கினால் இம்மாலைப் பொழுது போதாது. தாங்களோ புகழ்ச்சி கேட்டால் எழுந்து பாய்லரைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் உரைப்போம்; அதையும் உள்ளபடி உரைப்போம்.

1951ஆம் ஆண்டு. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுவந்த எத்திராஜ், அதை இயக்கும் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க விரும்பினார். வகுப்பு யானைக்கவுனியில், பகலில், பன்னிரண்டு வாரம். சம்பளமில்லா விடுப்பில் போனால் வீட்டு அடுப்பு எரியாது. போகாவிட்டால் ஆயுள் முழுதும் கரிதான். தாங்கள் அவரை மேலாளரிடம் அழைத்துச் சென்றீர்கள்.

"படிக்கப் போகிறவனுக்கு எதற்குச் சம்பளம்? அவன் வேலையை யார் பார்ப்பது?" என்றார் மேலாளர்.

"நான் பாக்கேன் சார். என் வேலையும் கெடாது, அவன் வேலையும் கெடாது. படிச்சிட்டு வந்தா நம்ம பாய்லருக்குத்தான நல்லது?"

மேலாளர் இணங்கினார், ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார். எத்திராஜ் தேறாவிட்டால், இனி எவருக்கும் படிப்பு விடுப்புக் கேட்டு யாரும் அவ்வறைக்கு வரக்கூடாது.

அருந்திறல் ஆண்மையே! ஐம்பதை நெருங்கிய வயதில், மேற்பார்வை வேலையோடு பன்னிரண்டு வாரமும் தாங்களே கரி அள்ளினீர்கள். கை கொப்புளித்தது, கண்ணிமை கருகியது, கடுஞ்சொல் ஒன்றும் வந்ததில்லை. இல்லை, ஒன்று வந்தது. எங்களில் சிலர் எத்திராஜைக் "கலெக்டரு போறாரு" என்று கேலி பேசியபோது, "வாயப் பொத்துங்கடே!" என்று அதட்டினீர்கள். அன்று கேலி பேசியவர்களும் இம்மடலில் கையொப்பம் இட்டிருக்கிறோம்.

எத்திராஜ் தேறவில்லை.

ஆலை வாசலில் தலை குனிந்து நின்றவரிடம் தாங்கள் சினக்கவில்லை. "தெரியாமப் போச்சா, சொல்ல முடியாமப் போச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"அல்லாம் தெரியும் அண்ணாச்சி. அந்த ஆபீசரு இங்கிலீஷ்ல கேட்டாரு. நானு முழிச்சிக்கினு நின்னுட்டேன்."

மறுநாளே தேர்வாளரைக் கண்டு, தமிழில் கேட்க வேண்டினீர்கள். அடுத்த தேர்வில் அவ்வாறே கேட்பதாக அவர் ஒப்பினார். பிறகு, வரக்கூடாதென்ற அறைக்குள்ளும் நுழைந்தீர்கள். "லீவு கேக்க வரல சார். மூணு மாசம் பொறுங்கன்னு கேக்க வந்தேன்."

மூன்று மாதம் கழித்து, "நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. என்ன செய்வாய்?" என்று தேர்வாளர் தமிழில் கேட்டார்.

"ஒடனே தண்ணி வுட மாட்டேன் சார், வுட்டா வெடிச்சிடும். மொதல்ல நெருப்ப வெளிய இழுத்துடுவேன்" என்றார் எத்திராஜ். தேறினார். இன்று அவரே எங்கள் கொதிகலன் பொறுப்பாளர்.

அந்த விடை மேலாளர் செவிக்கும் எட்டியது. ஆண்டுக்கு இருவர் சம்பளத்துடன் படிக்கப் போகலாம் என்று அவரே ஆணையிட்டார். அதன்பின் ஒன்பது பேர் போனோம். அனைவரும் முதல் முறையே தேறினோம் என்று சொல்ல ஆசைதான், இருவர் தவறினோம். எங்களையும் மறுமுறை அனுப்பிவைத்தீர்கள்.

ஓய்வறியா உள்ளமே! இம்மடல் அச்சுக்குப் போகும் வேளையில் வந்த செய்தியைத் தாங்கள் இன்னும் அறியமாட்டீர்கள். இவ்வாண்டு விடுப்பில் ஒன்று, மூட்டை தைக்கும் பகுதியில் உழைக்கும் ராயபுரத்துப் பிலோமிக்குக் கிடைத்திருக்கிறது. ஆலை மருந்தறைப் பணிக்கான பயிற்சி. இங்கிருந்து படிக்கப் போகும் முதல் பெண் அவர். வரும் திங்களன்று வகுப்புத் தொடக்கம். "மொத நாளு பயமாக் கீது. அண்ணாச்சி கூட வருவாரா?" என்று கேட்கச் சொன்னார்.

கடற்காற்றும் கனிந்த உறவும் சூழ, நோயின்றி நூறாண்டு தாங்களும் துணைவியார் தங்கபுஷ்பம் அம்மையாரும் வாழ்க! திங்கட்கிழமை பிலோமியுடன் செல்க! தங்களுக்கு இனி விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.

என்றும் தங்கள் அன்பினர்,
வடகடல் எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள்
திருவொற்றியூர், 29-6-1957